பிள்ளையின் சொல்லும் பள்ளியின் கண்டிப்பும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவை ஒட்டி நிகழ்ந்த குடும்பக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

"வாக்குத் தூய்மை" என்னும் பொருளில் பேச வேண்டும் என்று அறக்கட்டளையார் என்னைப் பணித்தார்கள். முனிவர்களுக்கு உரிய பாஷா சமிதியைப் பற்றியும் வசன குப்தியைப் பற்றியும் விரித்துரைக்க என்னினும் கற்றறிந்த பண்டிதர்கள் இங்கே இருக்கிறார்கள். நானோ முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் பாடம் நடத்தியவள். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளின் வாக்கைப் பற்றிப் பேசத்தான் எனக்குத் தகுதி உண்டு. அதிலும் ஒரே ஒரு சூழ்நிலையை மட்டும் எடுத்துக் கொள்கிறேன். வகுப்பில் பிள்ளை ஏதோ ஒரு சொல்லைச் சொல்லிவிடுகிறது. ஆசிரியை கண்டிக்கிறார், தண்டிக்கவும் செய்கிறார். மாலையில் டைரியில் இரண்டு வரிக் குறிப்பு வீட்டுக்கு வருகிறது. அந்த மாலையில் பெற்றோர் என்ன செய்வது என்பதே என் பேச்சு.

டைரியில் "தகாத சொல்" என்று எழுதியிருந்தால், அது எந்தச் சொல் என்று அறியுமுன் எதையும் முடிவு செய்யக் கூடாது. சிறு பிள்ளைகளின் தகாத சொற்கள் எல்லாம் ஓர் இனத்தைச் சேர்ந்தவை அல்ல. கழிவறை தொடர்பான சொற்களைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது நான்கு முதல் ஆறு வயது வரையில் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளிடமும் காணப்படுவது. அந்தச் சிரிப்பில் வன்மம் கிடையாது. அதற்கு மருந்தை நம் பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலில் எழுதி வைத்திருக்கிறார். இடக்கரடக்கல் என்று அதற்குப் பெயர். அவையில் சொல்லக் கூசுவதை வேறொரு சொல்லால் மறைத்துச் சொல்லும் வழக்கத்தை அவர் இலக்கணமாகவே வகுத்தார். "கால் கழுவி வருகிறேன்" என்று சொல்லப் பழக்கிவிட்டால் அந்தச் சிக்கல் சில வாரங்களில் தானே அகலும். அதற்காகப் பிள்ளையை அடிப்பதும் ஊரைக் கூட்டுவதும் வேண்டாதவை.

வேறொரு வகையும் உண்டு. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களில் வேரூன்றிய நம் குடும்பங்களில், தாயையும் பாட்டியையும் "நீ வா, நீ போ" என்று ஒருமையில் அழைப்பது அன்பின் வழக்கு. அந்தப் பிள்ளை சென்னைப் பள்ளியொன்றில் சேர்ந்த முதல் மாதம், "மிஸ், நீ இங்கே வா" என்று கூப்பிடுகிறது. ஆசிரியைக்குச் சினம் வருகிறது. இதில் பிள்ளையிடம் குற்றமில்லை. ஆசிரியையின் சினத்திலும் வியப்பில்லை. "பள்ளியில் நீங்கள் என்று சொல்ல வேண்டும்" என்று ஒரு முறை சொல்லிக் கொடுத்தால் முடிந்துவிடும். ஆங்கில வழிப் பள்ளியில் தமிழில் பேசியதற்காக அபராதம் விதித்த குறிப்பு வந்தால் மட்டும் நான் வேறு விதமாகச் சொல்வேன். ஆங்கிலம் பழகுவதற்காகச் செய்கிறோம் என்று பள்ளி கூறலாம். ஆனால் தாய்மொழியைப் பேசியது பிழை என்று வீட்டில் எவரும் பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். தமிழுக்கு இலக்கணம் செய்தவர்களின் வழிவந்த பிள்ளை அது.

இவற்றை விரைவாகக் கடந்து செல்கிறேன். ஏனெனில் இவை எல்லா வீடுகளுக்கும் பொதுவானவை. நம் வீடுகளுக்கே உரிய ஒன்று இருக்கிறது; அதைப் பற்றி நாம் வெளிப்படையாகப் பேசிக் கொள்வதே இல்லை.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. ஊரையும் பள்ளியையும் குறிப்பிட மாட்டேன். ஒன்றாம் வகுப்பில் படிக்கும் பெண் பிள்ளை. நல்ல பிள்ளை, ஞாயிறு தோறும் பாட்டியுடன் ஜினாலயம் செல்லும், மந்திரத்தைத் திக்காமல் சொல்லும். மதிய உணவு வேளையில் அருகில் அமர்ந்திருந்த தோழி டிபன் பாக்ஸைத் திறந்தாள். அதில் அவித்த முட்டை இருந்தது. நம் பிள்ளை மூக்கைப் பொத்திக் கொண்டு, "நீ பாவி. இதைத் தின்றால் நரகத்துக்குத்தான் போவாய்" என்று உரக்கச் சொல்லிவிட்டது. தோழி அழத் தொடங்கினாள். பெஞ்சில் இருந்த மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஆசிரியை வந்தார். நம் பிள்ளையை, உணவுப் பெட்டியைத் திறக்கவிடாமல், இடைவேளை முடியும் வரை வகுப்பு வாசலில் நிறுத்தினார். பிறகு வகுப்பு முழுவதற்கும் முன்னால் நிற்க வைத்து மன்னிப்புக் கேட்கச் செய்தார். "உங்கள் மகள் சக மாணவியின் உணவை இழிவாகப் பேசினாள், வீட்டில் கண்டித்து அனுப்பவும்" என்று டைரியில் எழுதினார்.

அன்று மாலை அந்த வீட்டில் மூன்று குரல்கள் எழுந்தன. "குழந்தை சொன்னதில் என்ன பிழை? முட்டை தின்பது பாவம்தானே?" என்றார் பாட்டி, அவர் குரலில் சற்றே பெருமிதமும் இருந்தது. "நம் சமயத்தையே இழிவு செய்துவிட்டார்கள். 2014-ஆம் ஆண்டிலேயே நம்மைத் தேசியச் சிறுபான்மையினர் என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது, புகார் கொடுக்கிறேன்" என்றார் தந்தை. "புகார் கொடுத்தால் நாளை முதல் என் பிள்ளையை அந்த ஆசிரியை எப்படி நடத்துவாரோ" என்று தாய் அஞ்சினார். பிள்ளை சுவரோரம் நின்று மூவரையும் பார்த்துக் கொண்டிருந்தது. அன்று பகலில் அது உண்ணவில்லை என்பதை இரவில் பெட்டியைக் கழுவும்போதுதான் கண்டார்களாம்.

மறுநாள் தாய் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நான் அவரிடம் கூறியவற்றை, சற்று விரிவாக, இங்கே கூறுகிறேன்.

பிள்ளை சொன்ன சொல் குற்றமே. அதில் நான் அணுவளவும் விட்டுக் கொடுக்கவில்லை. "உண்மையைத்தானே சொன்னாள்" என்று பாட்டி கேட்டார் அல்லவா? இல்லறத்தாருக்கு உரிய சத்திய அணுவிரதத்தை நம் ஆசாரியர்கள் வரையறுத்த விதத்தைப் பாருங்கள். சமந்தபத்திர சுவாமிகளின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழிவந்த தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பும் நம் வீடுகளில் ஓதப்பட்டு வருபவை. பிறருக்குக் கேடு விளைக்கும் என்றால் உண்மையையும் சொல்லாதிருத்தலே சத்திய விரதம் என்பது சமந்தபத்திரர் வாக்கின் கருத்து. அமிருதசந்திர ஆசாரியரோ புருஷார்த்த சித்தியுபாயத்தில் பொய்யின் வகைகளைக் கூறும்போது, இகழ்ந்துரைத்தலையும், கேட்பவருக்கு அச்சமும் துயரமும் விளைக்கும் கடுஞ்சொல்லையும் பொய்யின் பாற்படுத்தியே பேசுகிறார். அழ வைப்பதற்காகச் சொல்லப்பட்ட சொல், நடந்ததோடு பொருந்துகிறதா இல்லையா என்பது அங்கே இரண்டாம் கேள்வி.

இன்னொன்று. "பாவி" என்ற சொல்லை ஆறு வயதுப் பிள்ளை எங்கே கற்றது? நன்னூற் பாயிரம் மாணாக்கரை எட்டு வகையாகப் பிரித்து உவமை கூறுகிறது. அன்னமும் பசுவும் தலையாயவர். மண்ணும் கிளியும் இடையானவர். மற்ற நான்கும் கடை. சொல்லிக் கொடுத்ததை மட்டும் திருப்பிச் சொல்வது கிளியின் இயல்பு. நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் கண்டவரையில், சொற்களைப் பொறுத்தமட்டில் ஆறு வயதுப் பிள்ளை முழுக்க முழுக்கக் கிளிதான். பக்கத்து வீட்டில் மீன் குழம்பு கொதிக்கும்போது நாம் சன்னலைச் சாத்திக் கொண்டு என்ன சொல்கிறோம்? அடுத்த வீட்டாரைக் குறிக்க எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம்? அந்தச் சொல் சமையலறையில் தொடங்கி, பள்ளி வேனில் ஏறி, மதிய உணவு வேளையில் ஒரு குழந்தையின் முகத்தில் போய் விழுகிறது.

கதைகளையும் இதில் சேர்க்க வேண்டும். யசோதர காவியத்தை நம் பாட்டிமார்கள் சொல்லாத வீடு இல்லை. மாவினால் செய்த கோழியைச் சண்டமாரிக்குப் பலியிட்ட யசோதரனும் அவன் தாய் சந்திரமதியும் பிறவி தோறும் விலங்குகளாய்ப் பிறந்து துன்புற்ற கதை. பெரியவர்களுக்கு அது எண்ணத்தால் செய்யும் கொலையைப் பற்றிய கதை. சிறு பிள்ளையின் காதிலோ, "கோழி தின்பவர்களுக்கு என்ன நேரும் பார்" என்ற மிரட்டலாகவே விழுகிறது. அக்கதையில் துன்புறுபவர்கள் அயலார் எவருமில்லை. உயிருள்ள கோழியைக் கொல்லக் கூசிய அரசனும், மாக்கோழியாவது படைப்போம் என்று அவனை இணங்க வைத்த தாயுமே. தன்னுள்ளத்தைத் தானே நோக்கச் சொல்லும் கதையை, அடுத்தவரின் தட்டைச் சுட்டிக் காட்டும் கதையாக நாம் மாற்றிச் சொல்லி வருகிறோமோ என்று எனக்கு ஐயம் உண்டு.

நம் முன்னோர் அவ்வாறு வாழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டு வந்தார். பின்னர் அதில் முட்டையும் சேர்ந்தது. முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுப்பார்கள். சிற்றூர் அரசுப் பள்ளிகளில் நம் பிள்ளைகள் வாழைப்பழத்தோடும், பக்கத்துப் பிள்ளைகள் முட்டையோடும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். எவரும் எவரையும் பாவி என்றதில்லை. நகரத்துக்கு வந்து, வகுப்பில் நம் பிள்ளை தன்னந்தனியாக நிற்கும்போதுதான் இந்தக் கூர்மை தோன்றுகிறது. சமணர் என்றால் வடநாட்டு வணிகர் என்று மட்டுமே எண்ணுகிற ஆசிரியர்கள் நடுவே, தமிழ்ப் பெயரும் தமிழ்ப் பேச்சும் உள்ள நம் பிள்ளை தன்னை யார் என்று விளக்கத் தெரியாமல் தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றம் சில வேளைகளில் வீறாப்பாக வெளிப்படுகிறது.

இது சொல்லைப் பற்றியது. இனித் தண்டனை.

சொல் குற்றம் என்பதனால் தண்டனை சரியாகிவிடாது. அந்தத் தாயிடம் நான் இரண்டையும் இரு வேறு தட்டுகளில் வைக்கச் சொன்னேன். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் அஹிம்சா அணுவிரதத்தின் அதிசாரங்களாக, அதாவது மீறல்களாக, ஐந்தைக் கூறுகிறார்: கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். மாட்டையும் வேலையாளையும் நடத்தும் முறைக்காகச் சொல்லப்பட்டவை என்று நாம் இவற்றைக் கற்றிருக்கிறோம். ஒரு வகுப்பறையை மனத்தில் கொண்டு மீண்டும் படித்துப் பாருங்கள். முட்டி போட வைப்பது, பிரம்பால் அடிப்பது, நூறு முறை எழுதி வா என்பது, சாப்பிடவிடாமல் நிறுத்துவது எல்லாம் அந்தப் பட்டியலில் வந்துவிடுகின்றன. அந்த ஆசிரியை நம் சமயத்தவர் இல்லை. அவருக்கு இந்தச் சூத்திரம் தெரிய வேண்டிய கடமையும் இல்லை. ஆனால் நம் பிள்ளைக்கு உணவு மறுக்கப்பட்டதை, "சரி, செய்த குற்றத்துக்குக் கிடைத்தது" என்று நாமே சொல்லிவிட முடியாது.

நாட்டின் சட்டமும் அவ்வாறே சொல்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவு, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள எந்தப் பிள்ளையையும் உடலால் தண்டிக்கவோ மனத்தால் துன்புறுத்தவோ கூடாது என்று விதிக்கிறது. மீறும் ஆசிரியர் மீது பணி விதிகளின்படி நடவடிக்கை எடுக்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இவற்றை எல்லாப் பெற்றோரும் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். அடி விழுந்திருந்தாலும், பிள்ளையின் உடலில் காயம் இருந்தாலும், ஒரே பிள்ளையைத் திரும்பத் திரும்ப அவமானப்படுத்தினாலும் தயங்காமல் தலைமையாசிரியரிடம் எழுத்தாலேயே முறையிட வேண்டும். அங்கே பயனில்லையெனில் கல்வி அலுவலரிடம் செல்ல வேண்டும். அச்சத்தால் பொறுத்துப் போவதைக் க்ஷமை என்று நான் கொள்வதில்லை. க்ஷமைக்கு வலிமை வேண்டும்.

ஆனால் முதல் நாளே சட்டத்தை எடுத்துக் கொண்டு போவதும் முறையன்று. தொடக்க வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டம் சொல்லும் அளவு. பல பள்ளிகளில் அதனினும் மிகுதியான பிள்ளைகள் உள்ளனர். மதிய இடைவேளையில் நாற்பது டிபன் பாக்ஸ்களின் மூடியைத் திறந்து கொடுத்து, சிந்தியதைத் துடைத்து, தண்ணீர் பாட்டிலைத் தேடிக் கொடுத்து, நடுவே ஒரு பிள்ளை விம்மி அழும்போது, மறுநாள் அதன் தாய் வந்து என்ன கேட்பாள் என்ற எண்ணமும் ஆசிரியைக்கு இருக்கும். நான் அந்த நாற்காலியில் அமர்ந்தவள். அந்த நொடியில் சரியான தண்டனை தோன்றுவது அரிது.

ஆகவே அந்தத் தாயிடம் ஒரு வரிசையைச் சொன்னேன். முதலில் பிள்ளை, அடுத்து ஆசிரியை, அதற்கு அடுத்து வீடு.

பிள்ளையிடம் பேசும்போது குரலை உயர்த்தக் கூடாது. இதற்கும் நம் நூலிலேயே காரணம் இருக்கிறது. சத்திய விரதத்தை நிலைநிறுத்தும் பாவனைகளாகத் தத்துவார்த்த சூத்திரம் கூறுபவை ஐந்து: சினத்தை விடுதல், பேராசையை விடுதல், அச்சத்தை விடுதல், நகையாட்டை விடுதல், ஆராய்ந்து பேசுதல். இவற்றுள் அச்சம் இடம்பெற்றிருப்பதைக் கவனியுங்கள். அஞ்சுகிறவன் பொய் சொல்வான் என்பதை உமாசுவாமிகள் அறிந்திருந்தார். ஒன்றாம் வகுப்பு ஆசிரியையான நான் அதை ஒவ்வொரு நாளும் கண்டேன். டைரியைக் கண்டதும் தந்தை கை ஓங்குகிற வீட்டுப் பிள்ளை, அடுத்த முறை டைரியை ஒளித்து வைக்கும். அதற்கடுத்த முறை அந்தத் தாளைக் கிழித்துவிடும். ஒரு கெட்ட சொல்லைத் திருத்தப் போய் ஒரு பொய்யனை உண்டாக்கிவிட்டால் நட்டம் யாருக்கு? அதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. நாளை அந்தப் பிள்ளைக்கு வேனிலோ வகுப்பிலோ எவராலாவது தீங்கு நேர்ந்தால், அதையும் அது வீட்டில் சொல்லாது.

"என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்லு" என்று மட்டும் கேட்குமாறு சொன்னேன். இடையில் ஒரு சொல்லும் பேசாமல் கேட்கச் சொன்னேன். முனிவர்களுக்கு உரிய பிராயச்சித்தங்களில் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பது ஆலோசனை. அதாவது செய்த பிழையை மறைக்காமல் குருவிடம் எடுத்துரைத்தல். தவம் முதலிய தண்டங்கள் எல்லாம் அதற்குப் பின்னரே வருகின்றன. பிழையின் அளவையும் செய்தவரின் வலிமையையும் நோக்கியே குருவும் அவற்றை விதிப்பார். மடத்தில் கடைப்பிடிக்கும் அந்த வரிசையை வீட்டிலும் கடைப்பிடிக்கலாம். பிள்ளை முழுவதையும் சொல்லி முடித்த பிறகு, "உனக்குப் பசித்ததா?" என்று கேளுங்கள் என்றேன். அந்தக் கேள்விக்குத்தான் பிள்ளை அழுததாம்.

பிறகு, பேச வேண்டிய சொல்லைக் கற்பிக்க வேண்டும். "அப்படிச் சொல்லாதே" என்பதோடு நிறுத்தினால் பிள்ளையிடம் வெறும் வாய்தான் மிஞ்சும். அடுத்த முறை அதே சொல்தான் வரும். தோழி தின்பண்டத்தை நீட்டினால் என்ன சொல்வது? "எங்கள் வீட்டில் இதைச் சாப்பிட மாட்டோம், நீ சாப்பிடு" என்ற ஒரே வாக்கியம் போதும். "ஏன்?" என்று கேட்டால், "அப்பா அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்பது போதும். ஆறு வயதில் எந்தப் பிள்ளையும் தத்துவ வாதம் செய்ய வேண்டியதில்லை. நீலகேசியின் வேலையை அதன் தலையில் ஏற்றாதீர்கள். மணம் பிடிக்கவில்லையெனில் மூக்கைப் பொத்தாமல் முகத்தைச் சற்றே திருப்பிக் கொள்ளப் பழக்கலாம். இந்த வாக்கியங்களை வீட்டில் விளையாட்டாகவே சொல்லிப் பார்க்க வேண்டும். தாய் முட்டை கொண்டு வந்த தோழி, மகள் மகளே. மூன்று நாட்களில் வந்துவிடும்.

மன்னிப்பைப் பற்றி ஒரு சொல். வகுப்பின் முன் கேட்க வைத்த மன்னிப்பில் பிள்ளை கற்றது நாணம் மட்டுமே. தோழியோ அதைக் கேட்டு மேலும் சுருங்கிப் போனாளாம், தன் முட்டையைப் பற்றி இரண்டாம் முறையாக வகுப்பு முழுவதும் பேசியதால். தசலட்சண பர்வத்தின் முடிவில் அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளுக்காக நாம் ஒருவரையொருவர் பொறுத்தருளக் கேட்கிறோம். பிள்ளைகள் அதைப் பார்க்கிறார்கள். ஆனால் நம்மில் பலர், எவரிடம் உண்மையாகவே பிழை செய்தோமோ அவரை விட்டுவிட்டு மற்ற அனைவருக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பி முடித்துக் கொள்கிறோம். பிள்ளையாவது உரியவரிடம் போகட்டும் என்றேன். தோழியிடம் தனியாக, "நான் அப்படிச் சொன்னது தப்பு" என்று சொன்னால் போதும். அவள் ஏற்றுக் கொள்கிறாளா இல்லையா என்பது அவள் விருப்பம்.

வாட்ஸ்அப் என்றவுடன் இதையும் சொல்லிவிடுகிறேன். வகுப்புப் பெற்றோர் குழுவில் இத்தகைய செய்தியை எழுதவே எழுதாதீர்கள். பிறர் மறைவாகச் செய்ததை வெளிப்படுத்தித் தூற்றுவது சத்திய விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்று. ஆசிரியையின் பெயரும் இரு பிள்ளைகளின் பெயரும் முப்பது வீடுகளுக்குப் போய்விட்டால், பிறகு எந்தச் சமாதானமும் அதைத் திரும்பப் பெற்றுத் தராது.

ஆசிரியையைப் பார்க்கச் செல்லும் முறை இது. காலையில் வாயிலில் நின்று பிடித்துக் கொள்ளக் கூடாது. அப்போது அவர் மனம் வருகைப் பதிவேட்டில் இருக்கும். டைரியிலேயே நேரம் கேட்டு எழுதுங்கள். பிள்ளையை உடன் அழைத்துச் செல்லாதீர்கள். தந்தையும் தாயும் பாட்டனும் மாமனும் சேர்ந்து படையெடுக்காதீர்கள். முதல் வாக்கியமாக, "என் மகள் சொன்னது தவறு, வீட்டில் பேசிவிட்டோம்" என்று சொல்லுங்கள். நம் பிழையை நாமே முதலில் எடுத்துச் சொன்னால் எதிரில் இருப்பவர் கேடயத்தைக் கீழே வைத்துவிடுவார். அதன் பிறகு, தணிந்த குரலில், தெளிவாக: "அன்று அவள் உண்ணவில்லை. கண்டியுங்கள், உணவை மட்டும் நிறுத்த வேண்டாம்." இவ்வளவுதான். கல்வி உரிமைச் சட்டத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அதை அறிந்த ஒருவர் பேசுகிறார் என்பது அந்தத் தெளிவிலேயே புலப்பட்டுவிடும்.

நன்னூற் பாயிரம் ஆசிரியருக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை சொல்கிறது. ஆசிரியராகத் தகாதவரின் குணங்களுள், கேட்போர் அஞ்சும்படி பேசுதலையும் ஒன்றாகச் சேர்க்கிறது. நெருங்கவொண்ணாத ஆசிரியருக்கு மடல் சூழ்ந்த பனையை உவமை கூறுகிறது. கருக்கு மட்டை அறுக்கும் என்று அஞ்சி எவரும் ஏறாத மரம். என் அனுபவத்தில், இயல்பாகவே மடற்பனையான ஆசிரியைகள் மிகச் சிலரே. பெற்றோர் வந்து சண்டையிட்டுச் சண்டையிட்டே பலருக்கு மட்டை முளைக்கிறது.

அந்தத் தாய் சென்றார். ஆசிரியை தொடக்கத்தில் இறுக்கமாகவே இருந்தாராம். முட்டை கொண்டு வந்த பிள்ளை அடுத்த இரு நாட்களும் பெட்டியைத் திறக்கவே இல்லை என்பதை அவர் சொன்னபோதுதான் நம்மவருக்கும் உறைத்தது. ஒரு வேளை உணவு நம் பிள்ளைக்குப் போனது. நம் பிள்ளையின் ஒரு சொல்லால் அந்தப் பிள்ளைக்கு மூன்று வேளைகள் போயின. உணவைத் தடுக்கும் எண்ணம் தமக்கு இல்லை என்றும், மணி அடித்துவிட்டதால் அவ்வாறு ஆயிற்று என்றும் ஆசிரியை கூறினார். வருந்துகிறேன் என்று அவர் சொல்லவில்லை. இனி இடைவேளையில் எவரையும் நிறுத்துவதில்லை என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லை அவர் காப்பாற்றியும் வருகிறார்.

இரு பிள்ளைகளும் முன்போல் ஒரே பெஞ்சில் அமர்வதில்லை. தோழியின் தாய் இடத்தை மாற்றக் கேட்டாராம். அதை எவரும் தடுக்க முடியாது. ஆனால் நம் பிள்ளை தனியாகச் சென்று சொன்னபோது, "சரி, ஆனா என் டப்பாவைப் பாக்காதே" என்று அவள் விடை கூறியிருக்கிறாள். விளையாட்டு வேளையில் இப்போது இருவரும் சேர்ந்தே ஓடுகிறார்கள் என்று தாய் சொன்னார்.

வீடுதான் கடினமாக இருந்தது. பாட்டியிடம் மருமகள் நேரடியாகச் சொல்ல முடியுமா? அதற்கு அந்தப் பிள்ளையே வழி செய்துவிட்டது. சில வாரங்கள் கழித்து, மாடி வீட்டுச் சமையலைப் பற்றிப் பாட்டி வழக்கம்போல் ஏதோ சொல்லத் தொடங்கியபோது, "பாட்டி, மிஸ் கேட்டால் உன்னையும் வெளியே நிற்க வைப்பாங்க" என்றதாம். பாட்டி சிரித்துவிட்டார். சிரித்துவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை என்று மருமகள் சொன்னார்.

உங்களுள் எவரேனும் இது போன்ற சிக்கலில் இருந்தால் தனியாக வந்து என்னிடம் பேசலாம். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு பேச வேண்டாம். பொழுது சாய்வதற்குள் பந்தியை முடிக்க வேண்டும் என்று சமையற் பொறுப்பாளர் இரண்டாம் முறையாகக் கையசைக்கிறார்.